பாதி விலைச் சுடுதண்ணி

மூணு மாடி ஏற்றிய டேங்கை ஏற்றின அன்றைக்கே திரும்ப இறக்கிக்கொண்டு வந்த மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சுடுதண்ணிக்காரர் அதைச் செய்தார். செய்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வண்டியில் ஏறி உட்கார்ந்து, காதில் சொருகியிருந்த பென்சிலைச் சட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தார்.

மொட்டைமாடிகளில் வெயிலைக் கொண்டு தண்ணீர் சுட வைக்கிற டேங்க் மாட்டுவதுதான் அவர் தொழில். பேர் அப்படி வந்தது. கடையில் உட்கார்ந்து போன் எடுப்பது, பில் போடுவது, அரசாங்கம் மானியம் கொடுக்கிற காலத்தில் ஜனங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் அவர் மனைவி. அவளைக் கடைக்காரம்மா என்பார்கள். கூடமாட ஒத்தாசைக்கு ஏணி. நாற்பது வயசு ஆள், மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். நெட்டையாக இருந்ததால் ஏணியா, தோளில் எப்போதும் ஒரு ஏணியைச் சுமந்ததால் ஏணியா என்று அவனுக்கே தெரியாது.

அன்றைக்கு டேங்க் போனது டீச்சர் வீட்டுக்கு. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. அவர் வீட்டுக்காரரை எல்லோரும் சார் என்பார்கள். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் பணம் எண்ணியவர். இப்போது இரண்டு முழங்காலும் மக்கர் பண்ணி, காலையும் மாலையும் வெந்நீர் விட்டால்தான் எழுந்து நிற்பார். வீட்டில் பண விஷயம் எல்லாம் அவர் கையில். கடைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேரம் பேசி, இருபத்திநாலாயிரம் என்று முடித்தவர் அவர்தான். பழைய மானியம் அதற்கு முந்தின வருஷமே நின்றுபோயிருந்தது. அதனால் அது முழு விலை, திரும்ப எதுவும் வராது.

டேங்க் ஏற்றுவது சும்மா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். படிக்கட்டு வளைவில் அது திரும்பாது. வெளிச்சுவர் வழியாகக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். சுவரில் உரசாமல் இருக்கச் சாக்கு சுற்ற வேண்டும். கீழே நின்று தள்ளிப் பிடிக்க ஏணி, மேலே நின்று இழுக்கச் சுடுதண்ணிக்காரர், நடுவில் படிக்கட்டு ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று தொண்டை கிழியக் கத்தக் கடைக்காரம்மா. டீச்சர் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தால் எதிரே திறந்த மாடி. அங்கே ஸ்டாண்டை வெயில் விழும் பக்கமாகத் திருப்பி வைத்து, கண்ணாடிக் குழாய் ஒவ்வொன்றின் வாயிலும் ரப்பர் வளையம் மாட்டி, சோப்புத் தண்ணி தடவி, திருகித் திருகி டேங்கின் துளைக்குள் செருக வேண்டும். மொத்தம் இருபது குழாய். கொஞ்சம் கோணினால் போச்சு.

ஏழு குழாய் செருகியாயிற்று. டீச்சர் டீ கொண்டுவந்தார். தரையில் தூசி என்று அன்றைய பேப்பரை விரித்து அதன்மேல் டம்ளர்களை வைத்தார். சுடுதண்ணிக்காரர் தன் டம்ளரை எடுத்தார். டம்ளருக்கு அடியில் இருந்த செய்தி கண்ணில் பட்டது. டீ ஆறிப்போகிறவரை அதையே படித்தார்.

"டீச்சர், இதை நீங்க இப்ப வாங்காதீங்க."

"என்ன தம்பி சொல்றீங்க? பாதி மாட்டியாச்சே."

"புது மானியம் வருதாம். விலையில பாதியை அரசாங்கமே திருப்பிக் குடுக்குதாம். ரெண்டு மாசத்துல உத்தரவு வரும்னு போட்டிருக்கு. பொறுங்க டீச்சர். அப்ப நானே வந்து மாட்டித் தர்றேன்."

"என்னங்க..." என்று கடைக்காரம்மா மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

ஏணிதான் வாயைத் திறந்தான். "அண்ணே, ஏத்தினதை இறக்கவா சொல்றீங்க? ஏத்துறப்போ கைதான் வலிக்கும். இறக்குறப்போ உசிரைக் கையில பிடிச்சுக்கணும்ணே."

"சோப்பு காயறதுக்குள்ள குழாயை உருவுடா," என்றார் அவர்.

இறக்கினார்கள். ஏணியின் உள்ளங்கையில் கயிறு தோலை உரித்துவிட்டது. டீச்சர் தெருவரை வந்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இந்த ஆளுக்கா வாழ்க்கைப்பட்டோம் என்று கடைக்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. இந்த ஆளுக்குத்தானே வாழ்க்கைப்பட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

பெருமை ஒரு வாரம் தாங்கியது. அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த நாலு பேர் ஒருத்தர் பின் ஒருத்தராகப் போன் போட்டு வேண்டாம் என்றார்கள். அச்சகக்காரர் நேரிலேயே வந்தார். பேச்சில் ஒளிவுமறைவு தெரியாத ஆள்.

"ஏம்மா, டீச்சருக்கு மட்டும் பொறுங்கன்னு சொல்லுவாரு, நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

"உங்களையும் பொறுக்கத்தாங்க சொல்றாரு," என்றாள் கடைக்காரம்மா.

"அப்படிச் சொல்லுங்க. பொறுக்குறோம்."

பொறுத்தார்கள். ஊரே பொறுத்தது. தானாகத் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, சுடுதண்ணிக்காரர் கூடை கொண்டுவந்து போட்டுக்கொண்டார். இரண்டு மாசத்தில் வரும் என்ற உத்தரவு மூன்றாம் மாசமும் வரவில்லை, நாலாம் மாசமும் வரவில்லை. வருகிறது வருகிறது என்று பேப்பரில் மட்டும் வந்துகொண்டிருந்தது. வராமலே போய்விட்டால்கூட ஜனங்கள் கையிலிருப்பதைக் கொடுத்து வாங்கியிருப்பார்கள். வரப்போகிறது என்றால் எவன் வாங்குவான்?

கடையின் பின்பக்கம் பன்னிரண்டு டேங்க் அட்டைப்பெட்டியோடு அடுக்கி இருந்தது. ஆறு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கம்பெனியில் முன்பணமாகக் கட்டி எடுத்த சரக்கு. கடைக்காரம்மா காலையில் அந்தப் பெட்டிகளைத் துடைப்பாள். மத்தியானம் ஈ ஓட்டுவாள். போன் அடித்தால் அநேகமாக, "உத்தரவு வந்துச்சாம்மா?" என்று கேட்பதற்கு. சுடுதண்ணிக்காரர் ஒழுகும் குழாய்க்கு வெள்ளை டேப் சுற்றவும், அடைத்த தொட்டி திறக்கவும் போய்வந்தார். ஏணி வாரத்தில் நாலு நாள் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை தூக்கப் போனான். மீதி நாள் கடை வாசலில் வந்து உட்கார்ந்து, "அண்ணி, இன்னிக்கு ஏதாவது?" என்பான். "இல்லப்பா" என்பாள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவாள்.

முதலில் அவளுக்குக் கோபம் இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் உப்புக்குப் பதில் கோபத்தைப் போட்டுத்தான் பரிமாறினாள். அப்புறம் அதுவும் போய்விட்டது. பல்லுக்கு ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க ஆகிவிட்டது. ரொட்டி சுடுவாள், முட்டை பொரிப்பாள், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ருசி தெரியாது. குளிர்காலம் வந்து காலையில் பனி இறங்க ஆரம்பித்தது. டேங்க் விற்கிற காலமே அதுதான். அது வந்ததும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் மாசம் உத்தரவு வந்தது. உத்தரவோடு கம்பெனிக்காரரும் வந்தார். நல்ல மாதிரிதான், சிரித்த முகம். நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவின் நகலை மேஜையில் விரித்தார்.

"மேடம், உத்தரவு தேதிக்கு அப்புறம் தயாரிச்ச டேங்குக்குத்தான் மானியம். முத்திரையில தேதி இருக்கணும். உங்ககிட்ட இருக்குற பன்னிரண்டும் அதுக்கு முந்தினது."

"அப்ப இதுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார் சுடுதண்ணிக்காரர்.

"கிடையாதுண்ணே."

"புது டேங்க் என்ன விலை?" என்று கடைக்காரம்மா கேட்டாள்.

"நாப்பத்திநாலு."

"அதே டேங்கா?"

"அதே டேங்குதான். முத்திரை புதுசு."

"இருபத்திநாலுக்கு வித்தது நாப்பத்திநாலா?"

"பாதியை அரசாங்கம் குடுக்குறப்போ எங்க விலையை ஏத்தாம இருந்தா, எங்களைத்தான் கிறுக்கன்னு சொல்லுவாங்க மேடம்," என்று மனம் விட்டுச் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த மாசக் கடைசிக்குள்ள பன்னிரண்டுல எட்டையாவது வித்துக் கணக்கை முடிச்சிடுங்க. இல்லேன்னா மிச்சச் சரக்கை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. முன்பணம் திரும்ப வராது. எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு."

"முன்பணம் போனா கடை போச்சு," என்றாள் அவள்.

"அதுக்குத்தான் சொல்றேன். பெரிய ஊர்ல எங்க கிடங்குல மாட்டுற வேலைக்கு ஆள் வேணும். அண்ணன் மாதிரி கை யாருக்கு வரும்? மாசச் சம்பளம். வருஷத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போலாம்."

சுடுதண்ணிக்காரர் பெட்டிகளைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயசில் இனி ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்து, ஊரான் வீட்டு மாடியில் ஏறி இறங்க வேண்டும். கடைக்காரம்மா இங்கே தனியாக. கண்ணீர் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கம்பெனிக்காரருக்கு டீ சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். புது டேங்க் நாற்பத்திநாலு. பாதி திரும்ப வந்தால் கையிலிருந்து போவது இருபத்திரண்டு. ஆய்வுக்கு வருகிறவருக்குக் கட்டணம் ஒன்றரை. உத்தரவில் சொன்ன தினுசுக் குழாயே போட வேண்டும், அதற்கு இரண்டரை. ஆக இருபத்தாறு. அதுவும் முழுப் பணத்தை முதலில் கட்டிவிட்டு, பாதி எப்போது வரும் என்று எட்டு மாசம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய டேங்கோ இன்றைக்கே இருபத்திநாலு. அட, நம்மதுதான் மலிவு! கிழங்கை அப்படியே போட்டுவிட்டு அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

மறுநாளிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கினாள். தாளில் எழுதிக் காட்டினாள். அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார்.

"கூட்டல் சரிதாம்மா. ஆனா இதுக்கு மானியம் கிடையாதே?"

"கிடையாது. ஆனா ரெண்டாயிரம் கம்மி."

"மானியம் இல்லாததை எதுக்கும்மா வாங்கணும்? அரசாங்கம் குடுக்குறதை வேணாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

இப்படியே எல்லோரும். கூட்டல் சரி என்பார்கள், தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்து நாளில் ஒன்றுகூடப் போகவில்லை. மாசம் முடியப் பத்து நாள் இருந்தது.

பதினோராம் நாள் காலை கடைக்காரம்மா ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் தடித்த எழுத்தில் எழுதினாள். சூரிய வெந்நீர் டேங்க். விலை 52,000. மானியம் 26,000. நீங்கள் கட்டுவது 26,000 மட்டும். விண்ணப்பம் இல்லை, ஆய்வு இல்லை, காத்திருக்க வேண்டாம். எழுதி வாசலில் சாய்த்து வைத்தாள். சுடுதண்ணிக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்து படித்தவர், வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"அம்பத்திரண்டுன்னு யார் சொன்னா?"

"நான் சொல்றேன். என் கடை, என் சரக்கு, நான் வெச்ச விலை."

"மானியம்னு போட்டிருக்கே, அது யார் குடுக்குறது?"

"நாமதான். நம்ம விலையில நாமளே பாதியைத் தள்ளுறோம். அரசாங்கம்னு எங்கயாவது எழுதியிருக்கா? நல்லாப் பாருங்க."

"இருபத்திநாலுக்கு வித்த பொருள்ம்மா இது."

"வித்தீங்களா? எங்க வித்தீங்க? இறக்கிட்டுல்ல வந்தீங்க."

அவர் மறுபடியும் போர்டைப் பார்த்தார். டூத் பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சரி, இருபத்திநாலையாவது போடு. ரெண்டாயிரம் எதுக்கு ஏத்துற?"

"அஞ்சு மாசக் கடை வாடகையை யார் குடுப்பா? ஏணிக்குக் கையில தோல் உரிஞ்சதே, அதுக்கு யார் குடுத்தா?"

"யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அன்னைக்கும் அதைத்தான் செஞ்சிருக்கணும்."

சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன். பாவமாக இருக்க வேண்டும். இல்லை. உள்ளே துழாவிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. அவர் பிரஷ்ஷை உதறிவிட்டு உள்ளே போனார். போர்டை எடுக்கவும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் அச்சகக்காரர் வந்தார். போர்டைப் படித்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா! பாதிக்குப் பாதியா?" என்று அங்கேயே பணத்தை எடுத்துவிட்டார். பத்து நாள் முன்னால் இருபத்திநாலு வேண்டாம் என்று போனவர், இருபத்தாறைச் சந்தோஷமாக எண்ணி வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, காது குளிர வாழ்த்திவிட்டும் போனார். அதற்கப்புறம் தையல்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், அவர் மைத்துனர். ஏணி மூட்டை தூக்குவதை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். சுடுதண்ணிக்காரர் போனார், மாட்டினார், வந்தார். அந்த ஒன்பது நாளும் போன வீட்டில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. மாட்டுகிற இடத்தில் இந்தக் குழாய் அந்தக் குழாய் என்பதோடு சரி. ஏணி அவளிடம், "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா அண்ணி?" என்று கேட்டான்.

ஒன்பது நாளில் ஏழு போயிருந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் எட்டாவது டேங்குக்குப் போன் வந்தது. டீச்சர்.

"பாதி விலைன்னு கேள்விப்பட்டேன்மா. ஏன் எனக்குச் சொல்லல? தம்பி நானே வந்து மாட்டித் தர்றேன்னாரே."

"நாளைக்குக் காலைல வந்துடறோம் டீச்சர்," என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றார்.

வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் நிரப்பியாக வேண்டும். காய்ந்த குழாயில் வெயில் பட்டு, அப்புறம் பச்சைத்தண்ணி விழுந்தால் அத்தனையும் வெடித்துவிடும். அதனால் விடியும்போதே போய்விட்டார்கள். பனியில் கயிறு நனைந்து வழுக்கியது. ஏணி கீழே, அவர் மேலே, கடைக்காரம்மா ஜன்னலில். ஏறிவிட்டது. ஸ்டாண்டைத் திருப்பி வைத்து, தார்ப்பாயைப் பக்கத்தில் தயாராகப் போட்டுக்கொண்டு அவர் குழாய்களுக்குச் சோப்பு தடவ ஆரம்பித்தார். சார் திறந்த மாடியில் நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கவர். டீச்சர் நொண்டி நொண்டி டீ கொண்டுவந்தார். இடது காலில் பாதத்திலிருந்து கணுக்கால் வரை துணிக் கட்டு.

"என்ன டீச்சர் இது?" என்றாள் கடைக்காரம்மா.

"குளிர்காலம் பூரா பானையில சுட வெச்சுத் தூக்கிட்டு இருந்தேன்ல. ஒரு நாள் கை நழுவி கால்ல ஊத்திக்கிட்டேன். ரெண்டு மாசமாச்சு, இன்னும் ஆறல. பரவாயில்லம்மா. பொறுத்ததுக்குப் பாதி விலையாச்சே."

சுடுதண்ணிக்காரர் குழாயைக் கையில் பிடித்தபடி அந்தக் காலையே பார்த்தார்.

"தம்பி, ஒரு சின்னப் பஞ்சாயத்து," என்று டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இவர்கிட்ட என்ன விலை சொன்னீங்க? முழு விலை இருபத்திநாலுதான், இப்ப ரெண்டாயிரம் கூடக் குடுக்குறோம்னு நேத்துலேர்ந்து என் உசிரை எடுக்குறாரு. நான் சொல்றேன், உங்களுக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்புது, பாதியே இருபத்தாறுன்னா முழுசு எப்படி இருபத்திநாலாகும்னு. போன வாரம் அடுப்பை அணைச்சோமான்னு நாலு தடவை எழுந்து பாத்தாரு தம்பி."

"இருபத்திநாலுதான்," என்றார் சார். "நான்தான பேசினேன்."

கடைக்காரம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் கேள்வி அவளை நோக்கி வரவில்லை. இது கைவிட்டுப் போனால் எட்டு இல்லை, ஏழுதான். நாளைக்கு லாரி வரும். பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சுடுதண்ணிக்காரரைப் பார்த்தாள். அவர் சோப்புக் கையை வேட்டியில் துடைத்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"இல்ல டீச்சர்," என்றார். "முழு விலை அம்பத்திரண்டுதான். சார் மாத்தி ஞாபகம் வெச்சிருக்காரு."

"கேட்டீங்களா? தம்பியே சொல்லிட்டாரு. ஏத்தினதையே இறக்கிட்டுப் போன மனுஷன், அவரா பொய் சொல்லுவாரு?"

சார் சுடுதண்ணிக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த குழாயைத் திருகிச் செருகிக்கொண்டிருந்தார். அப்புறம் சார் தன் விரல்களைப் பார்த்தார்.

"அப்ப எனக்குத்தான் தப்பியிருக்கு," என்றார். "முப்பது வருஷம் ஒரு காசு தப்பினதில்ல."

மடியில் இருந்த கவரைக் கடைக்காரம்மாவிடம் நீட்டினார்.

"இருபத்தாறுன்னு எண்ணி வெச்சேன்மா. எதுக்கும் நீ ஒரு தடவை எண்ணிப் பாத்துடு. நான் எண்ணினதை நம்ப முடியாது."

அவள் எண்ணினாள். நோட்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி, பத்துப் பத்தாக அடுக்கி இருந்தன. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. முடித்துவிட்டு, சார் பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு தடவையும் எண்ணினாள்.

"சரியா இருக்கு சார்," என்றாள்.

"அதுவாவது சரியா வந்துச்சே," என்றார் சார்.